தமிழ்நாடு சட்டமன்ற மேலவையின் வாக்காளர் அமைப்பும் சீர்திருத்தமும்: சேலம் – நாமக்கல் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாடு சட்டமன்ற மேலவை 1986ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் இல்லாமற்போனது. அதன்பின் மூன்று முறை அதனை மீட்டெடுக்கத் தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டும் அவை மீண்டும் அமையவில்லை. 'மேலவை வேண்டுமா, வேண்டாமா' என்பதே இது குறித்த விவாதத்தின் மையமாக இருந்து வருகிறது. மேலவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் யாவர் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. அவ்வினாவே முதன்மையானது என்பதையும், அதற்கு விடைகாணும் வழி அரசமைப்புச் சட்டத்தின் 171(2)ஆவது பிரிவிலேயே உள்ளது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிப் பகுதியின் அரசியல் வரலாறும் தொழில் அமைப்பும் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சட்டமன்ற மேலவை, ஈரவை முறை, வாக்காளர் தொகுதி, உள்ளாட்சி, நியமன உறுப்பினர், சேலம், நாமக்கல்.

முன்னுரை

நாடாளுமன்ற ஆட்சிமுறையில் இரண்டாவது அவைக்குப் பொதுவாக மூன்று பணிகள் சொல்லப்படுகின்றன. முதல் அவை விரைந்து இயற்றும் சட்டத்தை நிதானமாக மறுஆய்வு செய்தல் ஒன்று. நேரடித் தேர்தலில் இடம்பெற இயலாத அறிஞர்களுக்கும் சமூகப் பிரிவினருக்கும் இடமளித்தல் மற்றொன்று. கூட்டாட்சி அமைப்புகளில் உறுப்பு மாநிலங்களின் குரலாக விளங்குதல் மூன்றாவது. மாநிலங்களவைக்கு மூன்றாவது பணி உண்டு. மாநில மேலவைகளுக்கு அப்பணி இல்லை. எனவே அவற்றின் நியாயம் முதலிரண்டு பணிகளையே சார்ந்துள்ளது. அவ்விரண்டனுள் மறுஆய்வுப் பணி அதிகாரத்தைப் பொறுத்தது. இடமளிக்கும் பணி வாக்காளர் அமைப்பைப் பொறுத்தது. தமிழ்நாட்டு மேலவை இவ்விரண்டிலும் எவ்வாறு இயங்கியது என்பதை ஆராய்ந்த பின்னரே அதன் மீட்சி குறித்துப் பேசுவது பொருந்தும்.

'மேலவை' என்னும் வழக்கின் இரு பொருள்

சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் வரலாற்றை 1861 முதல் 1986 வரை நீளும் ஒரே மேலவையின் வரலாறாகக் கூறும் போக்கு உண்டு. இது திருத்தத்திற்குரியது. 1861ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தின்வழி உருவான அவை, ஆளுநருக்கு ஆலோசனை கூறும் ஒற்றை அவையாகும். சேலத்தில் வாழ்ந்த சே. விசயராகவாச்சாரியார் 1895 முதல் 1901 வரை உறுப்பினராக இருந்தது அவ்வவையிலேயே. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இரட்டையாட்சி வந்தபோதும் அவை ஒன்றாகவே நீடித்தது. குமாரமங்கலம் ஜமீன்தாரான ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை முதலமைச்சராக இருந்ததும் இந்த ஒற்றை அவையின் காலத்தில்தான். இன்று நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ள குமாரமங்கலம் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வவைக்கு 'கவுன்சில்' என்று பெயர் இருந்தபோதும் அது மேலவை அன்று.

இன்றைய பொருளிலான மேலவை, 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்தபோதே தோன்றியது. 215 உறுப்பினர் கொண்ட பேரவையும் 54 முதல் 56 வரையிலான உறுப்பினர் கொண்ட மேலவையும் அமைந்தன. பேரவைக்கான வாக்குரிமையே மக்களுள் ஒரு பகுதியினர்க்கு மட்டும் உரியதாக இருந்தது. மேலவைக்கான வாக்குரிமையோ அதனினும் உயர்ந்த சொத்து, வரித் தகுதிகளை வேண்டியது. சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில்புரிந்தவரும் அந்நகராட்சியின் தலைவராகப் பணியாற்றியவருமான இராஜாஜியின் அமைச்சரவை கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம், இவ்வீரவை சட்டமன்றத்தின் தொடக்கக் காலச் சட்டங்களுள் ஒன்று. அது முதன்முதலில் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில்தான் செயற்படுத்தப்பட்டது. சேலத்து உழவரும் நெசவாளரும் பனைத்தொழிலாளரும் ஈரவை சட்டமன்றத்தின் விளைவை முதலில் உணர்ந்தவர்களாயினும், அவற்றுள் ஓர் அவைக்கு வாக்களிக்கும் உரிமை அவர்களுள் பெரும்பாலோர்க்கு இல்லை. மேலவைக்கும் பொதுமக்களுக்கும் இடையிலான இவ்விடைவெளி, அவ்வமைப்பின் தோற்றத்திலேயே உள்ளதாகும்.

1950க்குப் பிந்தைய அமைப்பும் அதிகாரமும்

மேலவை வேண்டுமா என்பதை அந்தந்த மாகாணத்தின் உறுப்பினர்களே முடிவு செய்ய அரசமைப்பு நிர்ணய சபை விட்டுவிட்டது. சென்னை மாகாணம் வேண்டும் என்னும் பக்கத்தில் நின்றது. 171ஆவது பிரிவு மேலவையின் அமைப்பைப் பின்வருமாறு வகுத்தது: மூன்றில் ஒரு பங்கினர் உள்ளாட்சி உறுப்பினர்களாலும், மூன்றில் ஒரு பங்கினர் பேரவை உறுப்பினர்களாலும், பன்னிரண்டில் ஒரு பங்கினர் பட்டதாரிகளாலும், பன்னிரண்டில் ஒரு பங்கினர் ஆசிரியர்களாலும் தேர்ந்தெடுக்கப்படுவர், எஞ்சியோர் ஆளுநரால் நியமிக்கப்படுவர். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த 63 இடங்களுள் உள்ளாட்சிக்கும் பேரவைக்கும் தலா 21, பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தலா 6, நியமனத்திற்கு 9 எனப் பகுக்கப்பட்டன.

மேலவைக்கான அதிகாரம் மிகக் குறைவு. பண முன்வடிவை 14 நாள்கள் மட்டுமே அது வைத்திருக்க இயலும். பிற முன்வடிவுகளை முதன்முறை மூன்று மாதமும், பேரவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் மேலும் ஒரு மாதமும் காலந்தாழ்த்தலாம். நாடாளுமன்றத்தில் உள்ளதுபோன்ற கூட்டுக்கூட்டம் மாநிலங்களில் இல்லை. இறுதிச் சொல் பேரவைக்கே உரியது. அமைச்சரவையும் பேரவைக்கு மட்டுமே பொறுப்புடையது. ஆகவே மறுஆய்வுப் பணியில் மேலவையின் வலிமை வாக்கில் இல்லை. அதன் உறுப்பினர்கள் முன்வைக்கும் அறிவிலும் அனுபவத்திலுமே உள்ளது. அவ்வறிவும் அனுபவமும் பேரவையில் உள்ளவற்றினின்று வேறுபட்டனவாக இருந்தால் மட்டுமே நான்கு மாதத் தாமதத்திற்குப் பொருள் உண்டு. அந்த வேறுபாட்டைத் தருவது வாக்காளர் அமைப்பேயாகும்.

நியமன இடங்கள்

இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகப் பணி ஆகிய துறைகளில் சிறப்பறிவு உடையோரை ஆளுநர் நியமிக்கலாம். மாநிலங்களவை நியமனத்தில் கூட்டுறவு இயக்கம் இடம்பெறவில்லை. மேலவைக்கு மட்டுமே அது உண்டு. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை மேலவை உறுப்பினராக விளங்கியது இத்தகைய அவையின் நோக்கத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆயினும் நியமனம் வேறொரு பயனுக்கும் உதவியது. 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் 375 இடங்களுள் காங்கிரசு 152 இடங்களையே பெற்றது. தேர்தலில் போட்டியிடாத இராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். இதனை எதிர்த்துப் பொதுவுடைமைத் தலைவர் பி. இராமமூர்த்தி தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டப்படி அது செல்லுபடியானது. எனினும் அறிஞர்க்கென ஒதுக்கப்பட்ட வாயில், ஆட்சி அமைப்பதற்கான வாயிலாகவும் பயன்படக்கூடும் என்பதை அந்நிகழ்வு காட்டிவிட்டது.

கூட்டுறவு இயக்கத்திற்கான நியமனத்தை இப்பகுதியோடு பொருத்திப் பார்ப்பது பயனுடையது. மோகனூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, திருச்செங்கோட்டுக் கூட்டுறவு விற்பனைச் சங்கம், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எனக் கூட்டுறவு இங்கு ஆழ வேரூன்றிய அமைப்பு. 1981இல் சேலத்தில் தோன்றிய சேகோசர்வ், ஜவ்வரிசி மற்றும் மாவுப்பொருள் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமாகும். அதன் உறுப்பினர்கள் ஆலை உரிமையாளர்களே. மரவள்ளி பயிரிடும் உழவர்கள் அல்லர். மரவள்ளிக் கிழங்கின் விலை குறித்து இவ்விரு தரப்பினர்க்கும் இடையே கருத்து வேறுபாடு தொடர்ந்து எழுகிறது. கூட்டுறவுத் துறையின் சார்பில் ஒருவர் நியமிக்கப்பட்டால் இவ்விரு தரப்பினருள் எவருடைய குரல் அவையில் ஒலிக்கும் என்பதற்கு 171ஆவது பிரிவில் விடையில்லை. ஒரு துறையின் பெயரைச் சுட்டுவதால் மட்டும் அத்துறையில் உழைப்போர்க்கு இடம் கிடைத்துவிடுவதில்லை.

உள்ளாட்சித் தொகுதி

மேலவையின் மூன்றில் ஒரு பங்கு உள்ளாட்சியைச் சார்ந்தது. மேலவையின் அடித்தளம் என்று கூறத்தக்க இத்தொகுதியே தமிழ்நாட்டில் மிகவும் நலிந்ததாக இருந்தது. 1970இல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்குப் பின் அடுத்த தேர்தல் 1986இல்தான் நடைபெற்றது. உள்ளாட்சி உறுப்பினர் இல்லையேல் உள்ளாட்சித் தொகுதிக்கு வாக்காளரும் இல்லை. உள்ளாட்சித் தொகுதித் தேர்தலை நடத்தக் குறைந்தது 75 விழுக்காடு உள்ளாட்சி அமைப்புகள் செயற்பாட்டில் இருத்தல் வேண்டும் என்பதும், மொத்த வாக்காளருள் 75 விழுக்காட்டினரேனும் பதவியில் இருத்தல் வேண்டும் என்பதும் தேர்தல் ஆணையம் பின்பற்றிவரும் நெறியாகும்.

இங்குக் கால வரிசை நோக்கத்தக்கது. 1986 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நகராட்சிகளுள் பெரும்பாலானவற்றை எதிர்க்கட்சியான திராவிட முன்னேற்றக் கழகம் கைப்பற்றியது. அதாவது, மேலவையின் உள்ளாட்சித் தொகுதிகளுக்கு நீண்ட காலத்திற்குப் பின் வாக்காளர் உருவாயினர். அவர்களுள் கணிசமானோர் எதிர்க்கட்சியினர். அவ்வாண்டு மே 14 அன்று மேலவையை ஒழிக்கும் தீர்மானம் பேரவையில் நிறைவேறியது. நியமனம் பெற்ற ஒருவரின் தகுதி குறித்து எழுந்த வழக்கே ஒழிப்புக்கு உடனடிக் காரணமாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது தூண்டுகோலாக இருந்திருக்கலாம். ஆனால் மூன்று மாத இடைவெளியில் நிகழ்ந்த உள்ளாட்சித் தேர்தலைக் கருதாமல் ஒழிப்பை விளக்குவது முழுமையான விளக்கமாகாது.

இச்சிக்கல் பழங்கதையன்று. 73, 74ஆவது திருத்தங்கள் உள்ளாட்சித் தேர்தலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டாயமாக்கிய பின்னரும், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த அமைப்புகளுக்கு உரிய காலத்தில் தேர்தல் நடைபெறவில்லை. சேலம், நாமக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரக அமைப்புகளுக்கு 2019 டிசம்பரிலும், நகர்ப்புற அமைப்புகளுக்கு 2022 பிப்ரவரியிலுமே தேர்தல் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் மேலவை இருந்திருப்பின், அதன் மூன்றில் ஒரு பங்குக்கு வாக்காளர் இருந்திருக்கமாட்டார்கள்.

பட்டதாரி, ஆசிரியர் தொகுதிகள்

பட்டம் பெற்று மூன்றாண்டு நிறைந்தோர் பட்டதாரித் தொகுதியிலும், உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிறுவனங்களில் மூன்றாண்டு பணியாற்றியோர் ஆசிரியர் தொகுதியிலும் வாக்களிக்கலாம். 1950இல் பட்டம் அரிது. பட்டதாரியை அறிவுடையோரின் பிரதிநிதியாகக் கருத அன்று ஓரளவு இடமிருந்தது. பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகள் நிறைந்துள்ள இன்றைய சேலம், திருச்செங்கோடு, இராசிபுரம் பகுதிகளில் பட்டம் ஒரு தனிப் பிரிவைக் குறிப்பதில்லை. மறுபுறம், கொல்லிமலையின் தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு ஆசிரியர் தொகுதியில் வாக்கில்லை. நாமக்கல்லின் தனியார் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்க்கும் கல்லூரி விரிவுரையாளர்க்கும் உண்டு. பட்டம் பெற்ற விரிவுரையாளர்க்குப் பேரவை வாக்கோடு மேலும் இரு தொகுதிகளில் வாக்குரிமை உண்டு. விசைத்தறித் தொழிலாளிக்குப் பேரவைக்கான ஒரு வாக்கே உரியது. இவ்வேறுபாட்டுக்கு இன்று நியாயம் கற்பிப்பது எளிதன்று.

பட்டதாரித் தொகுதி குறித்த முதன்மையான தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கிலிருந்தே பிறந்தது. சென்னைப் பட்டதாரித் தொகுதியில் வென்ற ஒருவர் பட்டதாரி அல்லர் என்பதால் அவரது தேர்வு செல்லாது என்று உயர்நீதிமன்றம் கூறியது. நாராயணசாமி – பன்னீர்செல்வம் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. பட்டதாரித் தொகுதியின் வாக்காளர்தாம் பட்டதாரியாக இருத்தல் வேண்டும். வேட்பாளர் அவ்வாறு இருக்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பின் சாரம். எனவே மேலவையின் இயல்பை முடிவு செய்வது உறுப்பினரின் தகுதியன்று, வாக்காளரின் அமைப்பே என்பது சட்டத்தாலும் உறுதியாகிறது.

ஒழிப்பும் மீட்பும்

பேரவையின் மொத்த உறுப்பினருள் பெரும்பான்மையினரும், வந்திருந்து வாக்களித்தோருள் மூன்றில் இரு பங்கினரும் ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றினால், நாடாளுமன்றம் இயல்பான சட்டத்தின் வழியே மேலவையை அமைக்கலாம் அல்லது ஒழிக்கலாம் என 169ஆவது பிரிவு கூறுகிறது. ஒழிக்கப்படும் அவையின் ஒப்புதல் தேவையில்லை. மறுஆய்வு செய்ய வேண்டிய அவையின் ஆயுள், மறுஆய்வுக்கு உட்படும் அவையின் கையில் உள்ளது.

இதன் விளைவு தமிழ்நாட்டில் தெளிவாகப் புலப்பட்டது. 1989இல் தி.மு.க. அரசு மீட்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 1990இல் மாநிலங்களவையில் நிறைவேறிய முன்வடிவு மக்களவை கலைந்ததால் காலாவதியாயிற்று. 1991இல் அ.இ.அ.தி.மு.க. அரசு அத்தீர்மானத்தை விலக்கியது. 1996இல் மீண்டும் தீர்மானம். 2001இல் மீண்டும் விலக்கம். 2010 ஏப்ரல் 12 அன்று நிறைவேறிய தீர்மானத்தைத் தொடர்ந்து, 78 இடங்கள் கொண்ட மேலவைக்கான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. தேர்தல் நடைபெறும் முன்னரே 2011இல் ஆட்சி மாறியது. புதிய பேரவை முந்தைய தீர்மானத்தை விலக்கியது. கால் நூற்றாண்டு நீண்ட இவ்விவாதத்தில் இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட செய்தி ஒன்று உண்டு: மேலவை வந்தால் அது 1950களின் வாக்காளர் அமைப்போடுதான் வரும் என்பதே அது. 2010ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளாட்சிக்கும் பேரவைக்கும் தலா 26, பட்டதாரிக்கும் ஆசிரியர்க்கும் தலா 7, நியமனத்திற்கு 12 எனப் பழைய விகிதத்தையே பின்பற்றியது.

ஆந்திரப் பிரதேசத்தின் அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. அங்கு 1985இல் ஒழிக்கப்பட்ட மேலவை 2007இல் மீண்டது. 2020 சனவரியில் தலைநகர் குறித்த முன்வடிவுகளை அது தேர்வுக்குழுவுக்கு அனுப்பிய சில நாள்களில் ஒழிப்புத் தீர்மானம் நிறைவேறியது. 2021 நவம்பரில் அத்தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. மேலவை தன் பணியைச் செய்த வேளையில்தான் அதன் இருப்பு வினாவுக்குள்ளானது.

பிற நாட்டு அனுபவம்

நியூசிலாந்தில் 1950இல் மேலவையை ஒழிக்க, ஒழிப்புக்கு வாக்களிப்பதற்கென்றே புதிய உறுப்பினர்களை அரசு நியமிக்க நேர்ந்தது. அங்கு மேலவையின் இசைவேனும் தேவைப்பட்டது. இலங்கையில் 1947இல் அமைந்த 30 உறுப்பினர் கொண்ட செனட் சபையில் பாதிப்பேர் கீழவையால் தேர்ந்தெடுக்கப்பட்டனர், பாதிப்பேர் நியமிக்கப்பட்டனர். தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் 1965இல் செனட் வழியாகவே அமைச்சரானார். எனினும் நியமனத்தையும் கீழவைப் பெரும்பான்மையையும் மட்டுமே சார்ந்திருந்த அச்சபை, 1971இல் ஒழிக்கப்பட்டது. மக்கள் பிரிவு எதுவும் தனதெனக் கருதும் வாக்காளர் தளம் அதற்கு இல்லாதிருந்தது.

அயர்லாந்து நேரடியான ஒப்பீட்டுக்கு உரியது. அதன் செனட்டில் 60 உறுப்பினருள் 43 பேர் வேளாண்மை, தொழிலாளர், தொழில் வணிகம், பண்பாடும் கல்வியும், நிருவாகம் என்னும் துறைவாரிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஆயினும் அவர்களுக்கு வாக்களிப்போர் நாடாளுமன்ற, உள்ளாட்சி உறுப்பினர்களே. எனவே துறையின் பெயர் நின்றது. கட்சியின் வாக்கு வென்றது. 2013 பொதுவாக்கெடுப்பில் ஒழிப்பைச் சிறு வேறுபாட்டில் மக்கள் மறுத்தனர். குறிப்பிட்ட பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு மட்டுமிருந்த வாக்குரிமை அரசமைப்புக்கு முரணானது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. அதன்பின் உயர்கல்வித் தொகுதி விரிவாக்கப்பட்டது. அவையை ஒழிக்காமல் வாக்காளரை விரிவாக்கலாம் என்பதற்கு இது சான்று.

171(2): கவனம் பெறாத வழி

'நாடாளுமன்றம் சட்டத்தால் வேறு வகை செய்யும் வரை' என்னும் வரம்போடுதான் மேற்கண்ட விகிதங்களை அரசமைப்பு வகுத்துள்ளது. 171(2)ஆவது பிரிவின் இத்தொடர், வாக்காளர் அமைப்பை மாற்ற அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை, இயல்பான சட்டமே போதும் என்பதைக் காட்டுகிறது. மேலவையை மீட்கும் சட்டத்திலேயே புதிய அமைப்பையும் வகுக்க இயலும். இவ்வழியில் மூன்று சீர்திருத்தங்களைக் கருதலாம்.

முதலாவதாக, உழைப்போர்க்கான தொகுதி. குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர், நாமக்கல் லாரி ஓட்டுநர், திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலாளர், சேலத்துக் கொலுசுத் தொழிலாளர் ஆகியோர்க்குப் பழைய அமைப்பில் தொழில்வழி இடமில்லை. தமிழ்நாட்டில் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களின் பதிவேடுகள் உள்ளன. அவற்றை அடிப்படையாகக் கொண்டு வாக்காளர் பட்டியல் தயாரிக்கலாம். பதிவும் புதுப்பித்தலும் எல்லாத் தொழில்களிலும் சீராக இல்லை என்பது இதிலுள்ள இடர். அப்பதிவேடே வாக்குரிமையின் அடிப்படையாகும்போது, அதனைச் சீராக்கும் அக்கறை தொழிற்சங்கங்களுக்கும் கட்சிகளுக்கும் பிறக்கும்.

இரண்டாவதாக, ஆசிரியர் தொகுதியைத் தொடக்கப்பள்ளி வரை விரித்தலும், பட்டதாரித் தொகுதியின் இடங்களைப் புதிய தொகுதிக்கு மாற்றுதலும். இதனால் இன்று வாக்குரிமை பெறத்தக்க கற்றோர் சிலர் ஒரு வாக்கை இழப்பர். பட்டம் தனிச்சிறப்பாக இல்லாத காலத்தில் அவ்விழப்பு நியாயமானதே.

மூன்றாவதாக, நியமனத்திற்கு ஒரு பரிந்துரைக் குழுவை அமைத்தலும், நியமன உறுப்பினர் அமைச்சர் பொறுப்பேற்பதைத் தவிர்க்கும் மரபை உருவாக்குதலும். கனடாவில் 2016 முதல் செனட் நியமனங்களுக்குத் தனி ஆலோசனைக் குழு இயங்கிவருகிறது. 169ஆவது பிரிவில் உள்ள குறையை மட்டும் அரசமைப்புத் திருத்தத்தாலன்றி நீக்க இயலாது.

மேலவை வீண்செலவு, தோற்றவர்களின் புகலிடம் என்னும் எதிர்வாதங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. மேலவையின்றியே பல மாநிலங்கள் நன்கு இயங்குகின்றன. ஆனால் இவ்வாதங்கள் பழைய வாக்காளர் அமைப்பைக் கொண்ட மேலவைக்கே முழுமையாகப் பொருந்துவன.

முடிவுரை

தமிழ்நாட்டு மேலவைக்கு மறுஆய்வு அதிகாரம் குறைவாகவே வழங்கப்பட்டது. அக்குறையை ஈடுசெய்ய வேண்டிய வாக்காளர் தளமோ உள்ளாட்சித் தேர்தலின்மையாலும், கல்வித் தகுதி சார்ந்த குறுகிய வாக்குரிமையாலும், நியமனத்தின் அரசியல் பயன்பாட்டாலும் நலிந்தது. அதனால்தான் 1986இல் அது ஒழிக்கப்பட்டபோது அதனைத் தமது அவையெனக் கருதி எதிர்த்து நிற்க எந்த மக்கள் பிரிவும் முன்வரவில்லை. பழைய அமைப்போடு மீளும் மேலவை அடுத்த ஆட்சி மாற்றத்தில் மீண்டும் ஒழியும். எனவே மீட்புக்கான எதிர்காலத் தீர்மானம் எதுவாயினும், அது 169ஆவது பிரிவோடு 171(2)ஆவது பிரிவையும் இணைத்து, யாருக்கான மேலவை என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும். அதனை வரையறுக்க இயலாதெனின் ஒற்றை அவையோடு அமைவதே பொருத்தமானது என்பது இவ்வாய்வால் பெறப்படும் முடிவாகும்.